காற்றைக் கேட்டுப் புறப்படுங்கள்: இலங்கையின் மலையிலும் காட்டிலும் கடலிலும் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

இலங்கைக்குப் போக நல்ல மாதம் எது என்று கேட்டால், எந்தக் கரைக்கு என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். பரப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பாதி, 65,610 சதுர கிலோமீட்டர். அதற்குள் இரண்டு பருவக்காற்றுகள் முறை வைத்து மழை தருகின்றன. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிப்பதை யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வருவது வாடை. நடுவில் நிற்கும் மலைநாடு சோளகத்தின் மழையைத் தன் மேற்குச் சரிவிலேயே இறக்கிக்கொள்கிறது. அதனால் காலியில் மழை கொட்டும் அதே வாரத்தில் திருகோணமலையில் வானம் தெளிந்திருக்கும். மலையைத் தாண்டி இறங்கும் கச்சான் காற்று மட்டக்களப்பை வறுத்தெடுக்கும். ஆறு மாதம் கழித்துப் போனால் எல்லாம் இடம் மாறியிருக்கும்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பயணத் திட்டத்தில் பாதி முடிந்தது. மீதியும் நேரத்தைப் பற்றியதே. பனிமூட்டம் விலகி நிற்பதற்கு ஒரு வேளை உண்டு. யானைகள் குளக்கரைக்கு வர ஒரு பருவம், ஆமை கரையேற ஓர் இரவு, தீவுப் படகு புறப்பட ஒரு மணி உண்டு. நம் விடுமுறைக்காக இவற்றில் எதுவும் மாறாது. மாற்ற முயன்றவர்களுக்கு நேர்ந்த விபத்துகளும், அவர்களால் காட்டுக்கும் கடலுக்கும் நேர்ந்த சேதமும்தான் கீழே வரும் இரண்டாவது பட்டியலை நீளமாக்கியிருக்கின்றன.

செய்ய வேண்டியவை

மாதத்தைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை விடுமுறை என்றால் தெற்கும் மேற்கும்: காலி, மிரிஸ்ஸ, தங்காலை, ஹிக்கடுவ. மே முதல் செப்டம்பர் வரை என்றால் கிழக்கு: திருகோணமலையை ஒட்டிய உப்புவெளி, நிலாவெளி, மட்டக்களப்புக்கு வடக்கே பாசிக்குடா, பொத்துவிலுக்குப் பக்கத்தில் அறுகம்குடா. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு என் தேர்வு பாசிக்குடா. அலையடங்கிய குடா அது. வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும். அறுகம்குடா அலைச்சறுக்குக்காரர்களின் ஊர். அலையில் ஏறத் தெரியாதவருக்கும் அங்கே காலை வேளை நன்றாகவே கழியும். யாழ்ப்பாணத்துக்கும் அதன் தீவுகளுக்கும் வாடை ஓய்ந்து சோளகம் வலுப்பதற்கு முந்தைய மாதங்கள் நல்லவை. அக்டோபரும் நவம்பரும் எந்தக் கரைக்கும் உறுதி சொல்ல முடியாத மாதங்கள். நாடெங்கும் இடிமழை பெய்யும், வங்கக் கடலில் புயல் பிறக்கும் பருவம்.

திமிங்கிலம் பார்க்க ஆசைப்படுவோருக்கும் இதே கணக்குத்தான். நீலத் திமிங்கிலங்களைத் தேடி மிரிஸ்ஸயிலிருந்து படகுகள் போவது நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அதன்பின் தெற்குக் கடல் கொந்தளிக்கத் தொடங்க, பார்வையாளர்களும் படகுகளும் திருகோணமலைப் பக்கம் திரும்புகிறார்கள். கல்பிட்டிக் கடலில் நூற்றுக்கணக்கில் துள்ளும் ஓங்கில்களைக் காணவும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையே ஏற்ற காலம்.

ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியுமுன் போய்ச் சேருங்கள். நுவரெலியாவில் தங்கினால் அதிகாலை நான்கரைக்குள் வண்டி ஏற வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே விரிந்து கிடக்கும் புல்வெளி அது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அந்தப் பகுதியே தலைநீர் தருகிறது. ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வட்டப் பாதையில் நடந்தால் 'உலக முடிவு' என்னும் விளிம்பு வரும். அங்கே நிலம் சட்டென்று அறுந்து, ஏறத்தாழ 870 மீட்டர் கீழே தேயிலைத் தோட்டங்களும் ஊர்களும் தெரியும். தெளிந்த நாளில் தெற்குக் கடற்கரை வரை கண் போகும்.

ஆனால் காலை ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து முழுவதையும் மூடிவிடும். பதினொரு மணிக்கு வந்து சேர்ந்து வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் ஏராளம். ஆகவே நுழைவாயில் திறக்கும் நேரத்திலேயே அங்கே இருங்கள். நேரே உலக முடிவுக்கு நடந்து, பேக்கர் அருவியைத் திரும்பும் வழிக்கு வையுங்கள். கம்பளி எடுத்துப் போங்கள். ஜனவரி, பிப்ரவரி விடிகாலைகளில் அந்தப் புல்லின் மேல் உறைபனி படிவதுண்டு. சோற்றுப் பொட்டலத்தை வாழையிலையிலோ எவர்சில்வர் டப்பாவிலோ கட்டுங்கள். பாலித்தீன் உறைகளை வாயிலிலேயே பிரித்து வாங்கிக்கொள்வார்கள். அங்கே மேயும் மரைகள் பாலித்தீனைத் தின்று செத்த அனுபவத்தால் வந்த கட்டுப்பாடு அது. முகம் சுளிக்காமல் கொடுத்துவிட்டுப் போவோம்.

சிவனொளிபாத மலையை அதன் பருவத்தில், வார நாளில் ஏறுங்கள். 2,243 மீட்டர் உயரம். உச்சியில் உள்ள பாதச் சுவட்டைச் சைவர்கள் சிவனுடையது என்றும், பௌத்தர்கள் புத்தருடையது என்றும், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஆதாமுடையது என்றும் கொண்டு ஒரே படிக்கட்டில் ஏறுகிறார்கள். இத்தனை சமயத்தார் சேர்ந்து மூச்சிரைக்கும் இன்னொரு மலையை நான் அறியேன். பருவம் டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியில் முடிகிறது. அந்த மாதங்களில் இரவு முழுவதும் பாதையில் விளக்கு எரியும். வழியெங்கும் பிளேன்டீக் கடைகள் திறந்திருக்கும்.

ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு வந்தால், அங்கிருந்து ஏறத்தாழ 5,500 படிகள். நடுத்தர உடல்வாகு உள்ளவர்களுக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்பட்டால் சூரிய உதயத்துக்குச் சரியாக இருக்கும். நள்ளிரவுக்கு முன்பே ஏறி முடித்துவிட்டால் உச்சியின் குளிர்காற்றில் வியர்த்த சட்டையோடு நடுங்கிக்கொண்டிருக்க நேரும். மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். வார இறுதியிலும் பௌர்ணமி நாளிலும் படிகளிலேயே மணிக்கணக்கில் வரிசை நிற்கும். உதயம் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். உதயம் கண்டவுடன் இறங்க அவசரப்படாதீர்கள். மேற்குப் பக்கம் போய்ப் பாருங்கள்: மலையின் நிழல் ஒரு முக்கோணமாக மேகத்தின் மேல் விழுந்து, சற்று நேரத்தில் சுருங்கி மறையும். இறங்கி வருகிறவர்களைப் பார்த்து ஏறுகிறவர்கள் "கருணாவை" என்பார்கள். நீங்களும் சொல்லுங்கள். எத்தனையாவது முறை ஏறுகிறீர்களோ அத்தனை தடவை உச்சியில் உள்ள மணியை அடிப்பது வழக்கம். முதல்முறைக்காரருக்கு ஓர் அடி.

யானைகளைக் காண வறட்சிக் காலத்தில் போங்கள். மழை பெய்து காடு செழித்திருக்கும்போது யானைகள் எங்கும் சிதறிக் கிடக்கும். ஜூலை முதல் அக்டோபர் வரை சுற்றுப்புறக் குட்டைகள் வற்றிவிட, மின்னேரியாக் குளத்தின் நீர் இறங்கிய படுகையில் இளம்புல் முளைக்கும். அதை மேயக் கூட்டம் கூட்டமாக யானைகள் வரும். குட்டிகளை நடுவில் விட்டுத் தாய்களும் சித்திகளும் சூழ நடந்து வரும் அந்த மாலை வேளைக்கு ஈடான காட்சி ஆசியாவில் அரிது. மகாசேன மன்னன் 17 நூற்றாண்டுகளுக்கு முன்பு பயிருக்காக வெட்டிய குளம் அது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். நீர்மட்டத்தை உயர்த்தி வைத்திருக்கும் ஆண்டுகளில் புல் வெளிப்படாது. யானைகள் பக்கத்துக் கவுடுல்லவுக்கோ வேறிடத்துக்கோ போய்விடும். ஹபரணையில் உள்ள ஜீப் ஓட்டுநரிடம் "இன்றைக்கு எந்தப் பக்கம் நிற்கின்றன?" என்று முதலில் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

யாலவை மட்டுமே காடு என்று எண்ணாமல் வில்பத்தையும் குமணவையும் கணக்கில் எடுங்கள். சிறுத்தைக்குப் பெயர்போனது யால, மறுக்கவில்லை. ஆனால் ஒரு சிறுத்தை தென்பட்டதும் முப்பது, நாற்பது ஜீப்புகள் ஒரே மரத்தைச் சூழும் இடமும் அதுதான். வறட்சி கடுமையாகும் செப்டம்பரில் அதன் முதன்மைப் பகுதியைச் சில வாரங்கள் மூடிவிடுவதும் உண்டு. வில்பத்தில் சிறுத்தையைப் பார்க்கப் பொறுமை வேண்டும். ஆனால் வில்லு என்று அழைக்கப்படும் அதன் இயற்கை நீர்நிலைகளின் கரையில், வண்டியின் இயந்திரத்தை அணைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால், எதுவும் வராவிட்டாலும் வந்தது வீண் என்று தோன்றாது. பறவை பார்ப்பவர்களுக்குக் குமண. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் தமிழ் அடியார்கள் காட்டைக் கடப்பதும் அந்த வழியாகத்தான்.

அட்டைக்குத் தயாராகப் போங்கள். சிங்கராஜ வனத்துக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் மழைநாளில் போனால் அட்டை ஏறியே தீரும். முழங்கால் வரை இழுத்துக் கட்டும் அட்டைச் சப்பாத்து உறைகள் அங்கேயே விற்கும். காலில் சவர்க்காரத்தை உலர்ந்தபடி தேய்த்துக்கொள்வதும், சித்தாலேப என்னும் மூலிகைக் களிம்பைப் பூசிக்கொள்வதும் ஊர்வழக்கம். ஏறிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. உப்பு நீர் பட்டால் தானே விழும். அட்டைக்குப் பயந்து சிங்கராஜத்தைத் தவிர்ப்பது பேரிழப்பு. 1988 முதல் உலக மரபுச் சின்னமாக உள்ள மழைக்காடு அது. அங்கே பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடும். காடே திடீரென்று சத்தம் போட்டு, பத்து நிமிடத்தில் மறுபடி அடங்கும். வழிகாட்டி இல்லாமல் அதைக் கண்டுகொள்ள முடியாது. நக்கிள்ஸ் பக்கமும் ஊர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். மூடுபனி இறங்கினால் பாதையே தெரியாமல் போய்விடும் மலை அது.

மலைநாட்டு ரயிலுக்கு ஒரு பகலை முழுதாக ஒதுக்குங்கள். கொழும்பிலிருந்து எல்ல வரை ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாது. அவசரக்காரர்கள் நானுஓயாவில் ஏறி எல்லயில் இறங்கினாலே சிறந்த பகுதி கிடைத்துவிடும். பட்டிப்பொல நிலையம் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி ஒஹியா வரும்போது காலநிலையே மாறுவதைச் சன்னல் வழியே உணரலாம். குளிரூட்டிய பெட்டியில் கண்ணாடி திறக்காது. இரண்டாம், மூன்றாம் வகுப்பே மேல். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை அடைபடுவது வழக்கமாதலால் முந்திய நாளே நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் திரும்பும் படகின் நேரத்தை முதலில் கேளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து தீவுகளை இணைக்கும் தாம்போதிகளின் மேல் பஸ்ஸில் போய்க் குறிகட்டுவானில் படகேற வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். இறங்கியதும் பவளக்கல் அடுக்கிய வேலிகள், ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையின் சிதிலம், ஊர்க்காரர்கள் பெருக்கமரம் என்று சொல்லும் ஆப்பிரிக்கப் பருமரம், திறந்த வெளியில் தம்பாட்டுக்கு அலையும் குதிரைகள். கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். குடிநீர் அரிதான தீவு. வறட்சி முற்றினால் அந்தக் குதிரைகளே தாகத்தால் சாகின்றன. உங்களுக்கு வேண்டிய தண்ணீரை யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டு போங்கள். அதே துறையிலிருந்து நயினாதீவுக்கும் படகு உண்டு. ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நினைத்தால் இரண்டையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது.

இன்னும் சில. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அதைக் கையோடு கொண்டு போங்கள். சிகிரியாவிலும் தேசியப் பூங்காக்களிலும் சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. மன்னாருக்கு வாடைக் காலத்தில் போனால் வங்காலைப் பக்கம் பூநாரைகளைக் காணலாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல் வாடையின் முரட்டுக் காலத்தில் நிற்கக்கூடியது. ஓடுகிறதா என்று உறுதிசெய்துகொண்டு மற்ற ஏற்பாடுகளைச் செய்யுங்கள். தாகத்துக்குச் செவ்விளநீர் குடியுங்கள். குடித்ததும் கடைக்காரரிடமே கொடுத்துப் பிளக்கச் சொல்லி வழுக்கையையும் சாப்பிடுங்கள்.

செய்யக்கூடாதவை

அருவியின் தலையில் குளிக்காதீர்கள். பட்டியலில் இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இந்த நாட்டில் சுற்றுலா போன இளைஞர்களை அதிகம் பலிகொள்பவற்றில் நீர்நிலைகள் முன்னால் நிற்பதுதான். 220 மீட்டர் உயரத் தியலும அருவியின் மேற்பகுதியில் அடுக்கடுக்காகக் குளங்கள் உண்டு. விளிம்பில் உட்கார்ந்து எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு அங்கே வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் காயும்போதே, கண்ணுக்குத் தெரியாத மேல்மலையில் பெய்த மழை நிமிடங்களில் வெள்ளமாக வந்து சேரும். தண்ணீர் கலங்கத் தொடங்கினாலோ, மிதக்கும் சருகு கூடினாலோ பையைக்கூடத் தேடாமல் கரையேறுங்கள். எல்லவுக்குப் பக்கத்தில் சாலையோரமாகவே விழும் இராவணன் அருவியின் பாறைகளும் வழுக்குப் பாசி படிந்தவை. ஊர்க்காரர் "இங்கே இறங்காதீங்க" என்றால் காரணம் கேட்டு வாதாட வேண்டாம். அவர் உடல்களைத் தூக்கி வந்தவராக இருக்கலாம்.

ரயிலின் வாசலில் வெளியே தொங்காதீர்கள். பாலத்தின் மேல் படத்துக்காக நிற்காதீர்கள். தெமோதரையில் உள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் இரும்பில்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் கட்டி முடிக்கப்பட்டது. 24 மீட்டர் உயரத்தில், காட்டு மடிப்புக்கு நடுவே வளைந்து நிற்கும் அதன் முழு வடிவம் பாலத்தின் மேல் நின்றால் தெரியவே தெரியாது. எதிர்ச் சரிவில் உள்ள தேநீர்க் கடைகளின் பக்கம் போய் உட்காருங்கள்; ரயில் வரும்போது வளைவுகளோடு சேர்த்து முழுதாகக் கிடைக்கும். பெட்டியின் வாசலில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு உடலை வெளியே சாய்க்கும் படத்துக்காக உயிர்விட்ட பயணிகள் உண்டு. அந்தத் தடத்தில் பாறைச் சுவர்களும் குகை வாய்களும் பெட்டிக்கு அரை முழத்தில் வந்து போகின்றன.

யானைக்கு எதையும் கொடுக்காதீர்கள். உடவளவையில் பூங்காவின் மின்வேலியை ஒட்டி நெடுஞ்சாலை போகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் யானை நிற்கும். இந்தப் பக்கம் பழக்கடை. புத்தலையிலிருந்து கதிர்காமம் போகும் சாலையிலோ யானைகள் வண்டிகளை மறித்தே வாங்கித் தின்னக் கற்றுக்கொண்டுவிட்டன. கதிர்காமத்துக்குப் போகும் அடியவர்கள் பக்தியோடு நீட்டிய வாழைப்பழத்தில் தொடங்கிய பழக்கம் இன்று வண்டிக் கண்ணாடியை உடைக்கும் நிலைக்கு வந்திருக்கிறது. மனிதர் கையில் தீனி உண்டு என்று கற்ற யானை ஊருக்குள் நுழைகிறது. அங்கே வெடியும் துப்பாக்கியும் மின்கம்பியும் காத்திருக்கின்றன. இலங்கையில் அண்மைய ஆண்டுகளில் ஓராண்டுக்குள்ளேயே 400க்கும் மேற்பட்ட யானைகள் செத்திருக்கின்றன. மனிதர்களும் நூற்றுக்கு மேல் மாண்டிருக்கிறார்கள். நீங்கள் எறியும் ஒரு சீப்புப் பழத்தின் விலையை ஏதோவொரு ஊரில் ஓர் உழவர் கொடுக்கிறார்.

இதையே ஜீப் பயணத்துக்கும் சொல்ல வேண்டும். "இன்னும் கிட்டப் போங்கள், கூடுதல் பணம் தருகிறேன்" என்று ஓட்டுநரிடம் சொல்லாதீர்கள். அவர் வேலை அதில்தான் ஓடுகிறது. மறுக்க அவரால் முடியாது. "தூரத்திலேயே நிறுத்துங்கள் அண்ணை, அவசரமில்லை" என்று நீங்கள் சொன்னால் அவர் முகத்தில் தெரியும் நிம்மதியைப் பாருங்கள்.

பவளத்தின் மேல் காலூன்றாதீர்கள். நிலாவெளியிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. கரையிலிருந்து சில அடிகளிலேயே பவளம் தொடங்கிவிடுவதுதான் அதன் அழகு, அதுவே அதற்கு ஆபத்தும். நீந்தத் தெரியாதவர்கள் உயிர்காப்பு அங்கியோடு இறங்கி, களைத்ததும் நிற்க இடம் தேடிப் பவளத்தை மிதிக்கிறார்கள். விரல் நீளம் வளர ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்ட கிளை ஒரு மிதியில் முறிகிறது. நீந்தத் தெரியாவிட்டால் படகோட்டியைக் கூட அழைத்துக்கொண்டு இறங்குங்கள், அல்லது மணலில் நின்றே பாருங்கள்; கருமுனைச் சுறாக் குட்டிகள் முழங்கால் ஆழத்துக்கே வந்து போகும். முகத்துக்குப் பூசும் வெயில் களிம்பைத் தவிர்த்து முழுக்கை மேலாடை அணிவது பவளத்துக்கு நல்லது. பள்ளிக்கூட விடுமுறை நாளில் போகாதீர்கள். அன்று தீவில் கால்வைக்க இடமிருக்காது.

கரையேறும் ஆமையின் மேல் வெளிச்சம் அடிக்காதீர்கள். உலகின் ஏழு கடலாமை இனங்களில் ஐந்து இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. தங்காலைக்குப் பக்கத்தில் ரெக்கவவில் இரவில் காத்திருந்து பார்க்கலாம். வெளிச்சம் கண்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். முட்டையிடத் தொடங்கும் வரை தூரத்தில் இருங்கள். காவலர் சைகை காட்டியபின் பின்பக்கமாகப் போங்கள். கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். பணம் வாங்கிக்கொண்டு குஞ்சுகளைத் தொட்டியில் வைத்துக் கையில் எடுக்கத் தரும் இடங்களுக்குப் போக வேண்டாம். முதல் மணி நேரங்களில் கடலுக்குள் நீந்திச் செல்லவென்று பிறவியிலேயே வாய்த்த வலுவை அந்தக் குஞ்சுகள் தொட்டியில் சுற்றிச் செலவழிக்கின்றன.

எதையும் எடுத்து வராதீர்கள். சிப்பி, பவளத்துண்டு, செடி, விதை, வண்ணத்துப்பூச்சி எதுவானாலும். யாலவில் பூச்சிகளைச் சாடிகளில் பிடித்து வைத்திருந்து அகப்பட்ட இரண்டு இத்தாலியர்களுக்கு 2024இல் நீதிமன்றம் விதித்த அபராதம் ஆறு கோடி இலங்கை ரூபாய்.

சிகிரியாவில் கூச்சல் போடாதீர்கள். பாறையின் முகட்டில் பெரிய குளவிக் கூடுகள் உண்டு. சத்தமும் புகையும் அவற்றைக் கிளப்பிவிட்டு, படிக்கட்டின் நடுவில் ஓட இடமின்றி மாட்டிக்கொண்டவர்கள் பலர். அங்குள்ள எச்சரிக்கைப் பலகை அலங்காரத்துக்கு வைத்ததல்ல. சுவரோவியங்களைப் படம் எடுக்கத் தடை; காசியப்பன் ஆண்ட ஐந்தாம் நூற்றாண்டு வண்ணம் இன்னும் நிற்பதைக் கண்ணாலேயே பார்த்து வாருங்கள். நண்பகலில் ஏற வேண்டாம், பாறை அடுப்பாகக் காயும். சிகிரியாவின் முழு உருவையும் காண விரும்பினால் எதிரே உள்ள பிதுரங்கல பாறையில் விடியலில் ஏறலாம். ஆனால் அது விகாரை நிலம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பதை இந்த நாட்டில் பெரும் அவமதிப்பாகக் கொள்வார்கள், சட்டத்தின் முன்னும் கொண்டு போவார்கள்.

கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹப்புத்தளைக்கு மேலே லிப்டன் இருக்கை என்னும் காட்சிமுனைக்கு நடக்கும்போதும், நுவரெலியாவுக்குப் போகும் வளைவுகளிலும் முதுகில் கூடையோடு நிற்பவர்கள் 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, காட்டை வெட்டி, முதலில் காப்பியும் 1867க்குப் பின் தேயிலையும் வளர்த்த மக்களின் பேத்திகள். மலைச்சரிவின் பச்சை அவர்கள் உழைப்பு. எடைக்குக் கூலி பெறுகிறவரை வெயிலில் நிறுத்திச் சிரிக்கச் சொல்வது அவர் கூலியில் கை வைப்பது. "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று தமிழில் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லி நகருங்கள். சம்மதித்தால் படத்துக்குப் பின் இரண்டு வார்த்தை பேசுங்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள், சேலம், திருச்சி என்று சொன்னால் பேச்சு நீளும். லயக் குடியிருப்புகளைக் காட்சிப்பொருளாகப் பார்க்கக் கூட்டமாய் நுழைய வேண்டாம். யாராவது உள்ளே வாங்க என்று அழைத்தால் போய்த் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

களப்புகளிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் இறங்காதீர்கள். அறுகம்குடா, பொத்துவில் பக்கத்துக் களப்புகளில் முதலை உண்டு. பயணி ஒருவர் அங்கே முதலையிடம் உயிரிழந்திருக்கிறார். சோளகக் காலத்தில் தெற்கு, மேற்குக் கடலில் நீந்த வேண்டாம். கரையிலிருந்து உள்ளிழுக்கும் நீரோட்டம் அப்போது வலுக்கும். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவுக்குக்கூட வேண்டாம்.

பருவம் முடிந்தபின் சிவனொளிபாத மலையில் தனியே ஏறாதீர்கள். விளக்கில்லை, கடையில்லை, மழையும் இடியும் அட்டையும் உண்டு. பருவத்திலும் மதுவோ இறைச்சியோ கொண்டு போக வேண்டாம். பௌர்ணமி நாள்களில் நாடெங்குமே மதுக்கடைகள் மூடியிருக்கும்.

வடக்கில் வேலியிட்ட வெறுங்காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். சாலையிலும் மக்கள் நடந்த தடத்திலும் மட்டும் நடங்கள். மணற்காட்டின் மணல்மேடுகள், காரைநகரின் கசூரினாக் கடற்கரை, கீரிமலைக் கேணி என்று மக்கள் நாள்தோறும் புழங்கும் இடங்களே வடக்கில் வேண்டிய மட்டும் உண்டு. படை முகாம்களைப் படம் எடுக்க வேண்டாம். போர் முடிந்தது 2009இல். அதைப் பற்றி ஊர்க்காரரிடம் வேடிக்கைக் கதை கேட்பது போலக் கேட்காதீர்கள். அவராகத் தொடங்கினால் பொறுமையாகக் கேளுங்கள்.

ட்ரோனை அனுமதியின்றிப் பறக்கவிடாதீர்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். தேசியப் பூங்காக்களுக்குள் பறக்கவிட நினைக்கவே வேண்டாம்.

வரைபடத்தில் உள்ள தூரத்தை நம்பி நாளை நிரப்பாதீர்கள். மலைப்பாதையில் மணிக்கு 30 கிலோமீட்டர் போனால் நல்ல வேகம். காலையில் சிகிரியா, மாலையில் எல்ல என்று எழுதப்பட்ட திட்டத்தில் நீங்கள் பார்க்கப்போவது வண்டியின் சன்னலைத்தான். ஒரு வாரம் இருந்தால் ஒரு கரை, ஒரு மலை, ஒரு காடு போதும். மழை எச்சரிக்கை வந்தால் மலைநாட்டை விட்டுவிட்டு உலர்ந்த பக்கம் திரும்ப ஒரு நாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மண்சரிவு எச்சரிக்கை எந்த மாவட்டத்துக்கு என்று வானொலியிலும் செய்திகளிலும் தமிழிலேயே சொல்வார்கள். அவசர ஆம்புலன்ஸுக்கு 1990, காவல்துறைக்கு 119. இரண்டையும் மலை ஏறுமுன் கைப்பேசியில் பதிந்துவிடுங்கள்.